பல்லி சாரின் சாய்மை

காஞ்சிபுரத்துப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிட இதுவரை எத்தனையோ லட்சம் பேர் படியேறியிருப்பார்கள். அத்தனை பேரிலும், நீட்டிய கையை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டு, தங்கப் பல்லிக்கு ஒரு முழம் தள்ளிக் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்த நிஜப் பல்லியைப் பார்த்து, "நீ எப்படிப்பா விழாம இருக்கறே?" என்று விசாரித்த மனிதர் ஒருவர்தான் இருக்க முடியும். அவர்தான் எங்கள் பல்லி சார்.

வரிசையில் அவருக்கு அடுத்து நின்ற பாவி நான். எனக்குப் பின்னால் ஒரு கல்யாணக் கோஷ்டி.

"யோவ், தொட்டுட்டு நகருய்யா! சத்திரத்துல எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க!" என்று ஒரு பெரியம்மா கத்தினார்.

"இருங்கம்மா, ஒரு காலைத் தூக்கிக்கினு நிக்குது. தலைகீழா, மூணு கால்ல! நீங்களும் பாருங்க" என்று பல்லி சார் பெருந்தன்மையோடு விலகி இடம் கொடுத்தார். மாப்பிள்ளைப் பையன் மட்டும் ஆசையாக எட்டிப் பார்த்தான். மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். பல்லி சாரோடு எங்கே போனாலும் வேடிக்கை அவருக்கு, திட்டு எனக்கு என்று ஆகிவிட்டிருந்தது.

அவருக்கு வீட்டில் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கேட்டால் கல்லூரி வாசலில் இருக்கும் வாட்ச்மேனே "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். சொந்த ஊர் மாகறல், விவசாயக் குடும்பம். காஞ்சிபுரத்துக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் அவர் வேதியியல் விரிவுரையாளர், நான் தமிழ் விரிவுரையாளர். அறுபதுகளின் கடைசியில், கல்லூரிகளில் தமிழ்வழிப் பாடம் வந்த புதிது. நான் நிரந்தரம், அவர் டெம்பரவரி. கோடை விடுமுறை விட்டதும் கல்லூரி அவரை வீட்டுக்கு அனுப்பிவிடும். திறக்கும்போது ஞாபகம் இருந்தால் மறுபடி கூப்பிடும். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடி அறையை நாங்கள் இருவரும் பங்கு போட்டுக்கொண்டு குடியிருந்தோம்.

எனக்குப் பல்லி ஆகாது. பயம் என்று சொன்னால் கௌரவக் குறைச்சல், ஆகவே அருவருப்பு என்று சொல்லிவந்தேன். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் கூரையைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். பஞ்சாங்கத்தில் இருக்கும் பல்லி விழும் பலன் எனக்கு மனப்பாடம். தலையில் விழுந்தால் கலகம், முதுகில் விழுந்தால் நஷ்டம், தோளில் விழுந்தால் ஜெயம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். இப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் விதி அந்த மனிதரின் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்தது.

அறையில் இரண்டு பல்லிகள் இருந்தன. அவற்றுக்கு அவர் பெயர் வைத்திருந்தார். ஒல்லியாக, ஒரு இடத்தில் நில்லாமல் ஓடுவது குளோரின். சுவரோடு வழிவதுபோல் மெதுவாகப் போவது புரோமின். "குண்டு ஒண்ணு இருக்குது, அயோடின். அது காலேஜ்ல, லெக்சர் ஹால்ல டியூப் லைட்டுக்குப் பின்னால குடியிருக்குது. உக்காந்தா உக்காந்த எடம்" என்று ஏதோ உறவுக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

"ஏன் அந்தப் பெயர்?" என்று நான் வாயைக் கொடுத்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்.

"புலவரே, குளோரின் வாயு. புரோமின் திரவம். அயோடின் திடம். மூணும் ஒரே குடும்பம், ஏன் இப்படி? சொல்றேன் கேளுங்க. அணுவைச் சுத்தி எலக்ட்ரான் மேகம் மாதிரி இருக்குது. அது சும்மா இருக்காது. ஒரு கணம் இந்தப் பக்கம் கூடும், அடுத்த கணம் அந்தப் பக்கம். கூடுன பக்கம் மைனஸ், காலியான பக்கம் பிளஸ், அதான் தற்காலிக இருமுனை. அதைக் கண்டு பக்கத்துல இருக்கறதோட மேகமும் சாயும், அது தூண்டப்பட்ட இருமுனை. உடனே ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுக்கும்."

"அடுத்த கணம் மாறிவிடும் என்றீர்களே?"

"மாறும். ஆனா ரெண்டும் சேந்தே மாறும். அதனால இழுப்பு போவாது. டெம்பரவரிதான், ஆனா விடாத டெம்பரவரி, என்னை மாதிரி." இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். "பெரிய அணுன்னா மேகம் தள்ளி இருக்கும், பிடிப்பு லூசா இருக்கும், சுலபமாச் சாயும். அயோடின் அப்படி. அதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு கெட்டியா உக்காந்திருக்குது. குளோரின் தன்னோட மேகத்தை இறுக்கிப் பிடிச்சு வெச்சுக்கும், லேசுல சாயாது. அதான் பறந்துபோவுது."

பல்லி கூரையில் ஒட்டுவதும் இந்த விசையால்தான் என்பது அவர் கட்சி. அதன் பாதத்தில் பசையும் கிடையாது, உறிஞ்சுவதும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் சுவரை அவ்வளவு நெருங்குகின்றன, நெருங்கினால் போதும், விசை பிடித்துக்கொள்ளும் என்பார். "ஒண்ணே ஒண்ணு புலவரே. நடுவுல தண்ணி வரக் கூடாது. ஈரம் வந்தா நெருக்கம் போச்சு, நெருக்கம் போனா பிடி போச்சு." அப்போது பெரிய படிப்பாளிகள்கூட இதை அடித்துச் சொல்லவில்லையாம். இப்போது எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள் என்று கேள்வி.

ஒட்டுகிற விசைக்குப் புத்தகத்தில் சிதறல் விசை என்று பெயர் போட்டிருந்தது. ஒட்டுவதற்குச் சிதறல் என்று பெயர் வைத்தவனை நான் பார்க்க வேண்டும் என்று சண்டைக்குப் போனேன். அவர் என் சண்டையைச் சட்டை செய்யவில்லை. அவருக்கு நிரூபிக்க வேண்டும். ஒரு நாள் காலை சவரம் செய்துகொள்ளலாம் என்று முகத்தில் நுரையைப் பூசிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால், என் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பல்லி. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"ஓடாதீங்க புலவரே, அது செத்த பல்லி! கதவு இடுக்குல மாட்டிச் செத்துப்போச்சு. செத்தது எப்படி உறிஞ்சும்? ஆனா கண்ணாடியில நிக்குது பாருங்க!" என்று மாடியிலிருந்து அவர் கூவியது தெரு முழுக்கக் கேட்டது. பாதி முகம் நுரையோடு தெருவில் நின்ற தமிழ் விரிவுரையாளரைச் சின்ன காஞ்சிபுரம் அதற்கு முன் பார்த்ததில்லை. எதிர்வீட்டு அம்மாள் கோலமாவுக் கிண்ணத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாய்மை என்ற சொல் அன்றைக்குப் பிறந்ததுதான். மேகம் எவ்வளவு சுலபமாகச் சாயும் என்கிற தன்மைக்குப் பாடநூலில் முனைவுறுதிறன் என்று போட்டிருந்தார்கள். பையன்களுக்கு அது வாயில் நுழையவில்லை. "நல்ல தமிழா ஒண்ணு குடுங்க புலவரே" என்று அவர் நச்சரிக்க, கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்த நான், "சாய்மை என்று வைத்துத் தொலையுங்கள்!" என்று கத்தினேன். மறுநாள் கரும்பலகையில் அது கொட்டை எழுத்தில் ஏறிவிட்டது.

ஒரு விஷயத்தை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. எங்கள் பையன்களில் பாதிப் பேர் பட்டு நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். அந்தத் தெருக்களில் சாயம் என்ற சொல்லுக்கு இருக்கிற மரியாதை வேறு எந்தச் சொல்லுக்கும் கிடையாது. மாதத் தேர்வில் விடைகள் வந்தன. 'அயோடினுக்குச் சாயம் அதிகம், ஆகவே ஊதா நிறமாக இருக்கிறது. குளோரினுக்குச் சாயம் சரியாக ஏறவில்லை.' இன்னொருவன் ஒரு படி மேலே போய், 'அயோடினை எத்தனை தண்ணீரில் அலசினாலும் சாயம் போகாது, கியாரண்டி' என்று எழுதியிருந்தான்.

பல்லி சார் கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தார். பிறகு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மறுநாள் வகுப்பில் எல்லோரையும் பெஞ்சில் நெருக்கி உட்காரவைத்து, ஓரத்துப் பையனை இடப்பக்கம் சாயச் சொன்னார். அவன் சாய, அடுத்தவன் சாய, வரிசையே சாய்ந்தது. பிறகு வலப்பக்கம். "சாயம் இல்லைபா, சாயறது! பக்கத்துல இருக்கறவன் சாய்ஞ்சா நீயும் சாயணும்!" வகுப்பு மொத்தமும் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்த முதல்வர், யார்மேலோ சாமி வந்துவிட்டது என்று நினைத்து விபூதி கொண்டுவரச் சொன்னார்.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டை முடித்துவைத்தவர் எங்கள் தாளாளர். கல்லூரியை நடத்திவந்தவர் அவர்தான். பெரிய பட்டு ஜவுளிக் கடைக்காரர். பஞ்சாங்கம் பார்க்காமல் வாசற்படி தாண்டமாட்டார். முந்தின வருடம் கல்லூரி ஆபீசில் அவர் தலைமேல் ஒரு பல்லி விழுந்தது. தலைக்குக் கலகம் அல்லவா? சரியாக அதே வாரம் அவருடைய தம்பி சண்டை போட்டுக்கொண்டு கடையைப் பிரித்துக்கொண்டு போனார். அன்றைக்கே உத்தரவு வந்துவிட்டது, கல்லூரிக்குள் ஒரு பல்லி இருக்கக் கூடாது என்று. பியூன் ஒட்டடைக் கம்போடு ஒரு பக்கமாக விரட்டிக்கொண்டு போவார்; பல்லி சார் மறு பக்கம் ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளே வரவழைப்பார்.

அந்தச் சமயத்தில்தான் வேதியியலில் பட்ட வகுப்பு தொடங்க அனுமதி கேட்டுக் கல்லூரி விண்ணப்பித்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. அனுமதி கிடைத்தால் பல்லி சார் வேலை நிரந்தரம். கிடைக்காவிட்டால் அந்தக் கோடையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான், மறுபடி கூப்பிடப்போவதில்லை என்று தாளாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

பல்லி சாருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. திருப்புட்குழியில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பார்த்த அன்றைக்கு அந்தப் பெண், காப்பித் தம்ளரை நீட்டிக்கொண்டே, "உங்களைப் பல்லி சார்னு சொல்றாங்களே, அது எப்படிங்க ஒட்டுது?" என்று கேட்டுவிட்டதாம். அன்றிலிருந்து இந்த மனிதர் தரையில் நடக்கவில்லை. அவரிடம் யாரும் அதற்கு முன் தானாக அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஆனால் பெண்ணின் அப்பா கறாரான ஆள். "டெம்பரவரி மாப்பிள்ளைக்குப் பர்மனென்டாப் பொண்ணு குடுக்க முடியாதுபா. வேலை நிலைக்கட்டும், வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

குழு வருவதற்கு முதல் நாள் தாளாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். தமிழ்வழி வகுப்பு ஆகையால் கலைச்சொல் பொறுப்பு என் தலையில் இருந்தது.

"வர்றவரு பெரிய ஆச்சாரமான மனுஷர். நாளைக்குக் காலேஜ்ல ஒரு பல்லி, ஒரே ஒரு பல்லி, அவங்க மேல விழுந்துதுன்னு வெச்சுக்கோ, அத்தோட உன் வேலை போச்சு. இன்னா, புரிஞ்சுதா?"

"விழாதுங்க ஐயா" என்றார் பல்லி சார்.

"இருக்கவே கூடாதுன்றேன். விழாதுன்றியே!"

அன்று மாலைக்குள் பியூன் கட்டடம் முழுவதையும் ஒட்டடைக் கம்பால் அலசிவிட்டார். அயோடின் மட்டும் அகப்படவில்லை. டியூப் லைட்டுக்குப் பின்னால் கம்பு நுழையவில்லையாம்.

மறுநாள் பிற்பகல் வகுப்பு. கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இடப்பக்கம் குழுவின் இரண்டு உறுப்பினர்கள். நடுவில் குழுத் தலைவர். நெற்றியில் திருமண், அதற்கு மேலே பளபளவென்று முழு வழுக்கை. அவருக்கு வலப்பக்கம் தாளாளர், பட்டு அங்கவஸ்திரத்தோடு. ஓரத்தில் நான். வழக்கம்போல் உட்காருமுன் கூரையைப் பார்த்தேன். தலைவரின் தலைக்கு நேர் மேலே அந்த டியூப் லைட் இருந்தது.

பாடம் நன்றாகத்தான் தொடங்கியது. பையன்கள் மடமடவென்று பதில் சொன்னார்கள். தலைவர் தலையை ஆட்டினார். அப்போது பார்த்து மேகம் மூடிக்கொண்டு மழை பிடித்தது. அறை இருண்டது.

"கரும்பலகையே தெரியலையே. விளக்கைப் போடச் சொல்லுங்கோ" என்றார் தலைவர்.

பியூன் விளக்கைப் போட்டார். சற்று நேரத்தில் மழைக்கு அஞ்சிய ஈசல்கள் ஜன்னல் வழியாக வந்து விளக்கைச் சுற்றின. விளக்குச் சட்டத்துக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு தலை வந்தது. பிறகு கழுத்து. பிறகு குண்டு உடம்பு. அயோடின் சாவகாசமாக வெளியே வந்து, தலைவரின் வழுக்கைக்கு நேர் மேலே நின்று, ஒரு ஈசலைக் கவ்வியது.

பையன்கள் எல்லோரும் கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். குழுவும் தாளாளரும் பல்லி சாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரையில் நடப்பதைப் பார்த்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான், அவரும் நானும்.

"ஆக, அயோடின்..." என்று சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "அயோடின் வந்து... கெட்டியா ஒட்டிக்கும். விழாது."

"என்னது விழாது?" என்றார் தலைவர்.

"அதாவது... ஆவியாகாது சார். சீக்கிரத்துல."

தலைவர் ஏதோ குறித்துக்கொண்டார். "இந்த விசைக்கு எதுக்கு ஸ்வாமி சிதறல்னு பேரு? ஒட்டறதுக்குப் போய்ச் சிதறல்னு வெப்பாளோ?" என்று தலைவர் கேட்டார். என் கேள்வியேதான். இதற்கு எங்கள் ஆள் தூக்கத்தில்கூடப் பதில் சொல்வாரே என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். அவரோ கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேல என்ன எழுதி வெச்சிருக்கேளா? அங்கேயே பார்க்கறேளே!"

அதைக் கேட்டதும் தாளாளரின் கழுத்து மெல்ல மேலே திரும்பத் தொடங்கியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, மோர் கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"இப்பதானேய்யா ஒரு சொம்பு குடிச்சேன்! கையை விடு!"

அதற்குள் பல்லி சாருக்குக் குரல் வந்துவிட்டது. "ஒளி கண்ணாடிக்குள்ள போனா நிறம் நிறமாச் சிதறுது இல்லீங்களா சார், அதுக்கும் இந்த மேகம் அசையறதுதான் காரணம். ரெண்டுக்கும் ஒரே கணக்கு. அதான் அந்தப் பேரு" என்றார். சொல்லும்போது கண் கூரையில்தான் இருந்தது. தலைவர், "ம்" என்றார். அந்த ம்மில் திருப்தியும் இருந்தது, சந்தேகமும் இருந்தது.

பல்லி சாருக்குத் தன் விசையின்மேல் முழு நம்பிக்கை. பல்லி விழாது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஆகவே அவர் முகம் சட்டென்று வெளுத்தபோது எனக்குப் புரியவில்லை. நானும் மேலே பார்த்தேன். மழை ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது. பழைய கட்டடம், சுண்ணாம்புக் கூரை. விளக்குக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புத் திட்டு ஊறிப் பரவிக்கொண்டிருந்தது. கூரை ஒழுகுகிறது. ஒரு ஈசல் அந்த ஈரத்தில் போய் ஒட்டிக்கொண்டு படபடத்தது. அயோடின் அதைப் பார்த்துவிட்டது.

ஈரம் வந்தா நெருக்கம் போச்சு, நெருக்கம் போனா பிடி போச்சு. என் காதில் அவர் குரலே கேட்டது.

அயோடின் ஒரு காலை எடுத்து வைத்தது. நின்றது. இன்னொரு காலை எடுத்து வைத்தது. சொன்னால் பல்லி இருப்பது தெரிந்துபோகும். சொல்லாவிட்டால் தலைவர் தலை, அதாவது கலகம், அதாவது அனுமதியும் இல்லை, வேலையும் இல்லை, திருப்புட்குழியும் இல்லை. நான் பெருமாளைக் கூப்பிட்டேன். அந்தத் தங்கப் பல்லியை இந்த மனிதர் அன்றைக்கு ஒழுங்காகத் தொட்டுக் கும்பிட்டிருக்கக் கூடாதா என்று கோபம்கூட வந்தது.

பல்லி சார் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"இப்ப எல்லாரும் மேகம்" என்றார். "சாருங்களும் தயவுபண்ணிச் சேந்துக்கணும். பக்கத்துல இருக்கறவர் சாய்ஞ்சா நாமளும் அதே பக்கம் சாயணும். அதுதான் சாய்மை. எல்லாரும் இடது பக்கம்... சாயுங்க!"

"நாங்களுமா?" என்று தலைவர் சிரித்தார்.

"சீக்கிரம் சார்!"

பழகின பையன்கள். முன் பெஞ்சு சாய்ந்தது, அடுத்த பெஞ்சு சாய்ந்தது. குழுவின் ஓரத்து உறுப்பினர் கூச்சத்தோடு சாய, அடுத்தவர் சாய, தலைவரும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு இடப்பக்கமாகச் சாய்ந்தார். வழுக்கை அந்த இடத்தைவிட்டு விலகியது. எனக்குப் போன உயிர் வந்தது.

தாளாளர் மட்டும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழுந்தது சாய்மை அல்ல. சாயம் என்று விழுந்தது. பட்டுக்காரர் அல்லவா, தன் தொழிலைப் பற்றிப் பாடம் நடக்கிறது என்று அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எந்தச் சாயங்க? அரக்கா, எம்.எஸ். ப்ளூவா?" என்று கேட்டுக்கொண்டே தலைவரின் பக்கமாகச் சாய்ந்தார். தலைவர் காலிசெய்த இடத்துக்குள் அவருடைய இடது தோள் போய் நின்றது.

பொத்தென்று விழுந்தது அயோடின்.

தாளாளரின் கண்கள் மட்டும் மெதுவாக நகர்ந்து தோளைப் பார்த்தன. அயோடினும் அவரைப் பார்த்தது. இருவரும் அசையவில்லை. பல்லி சார் பெஞ்சுகளுக்கு நடுவே ஓடிவந்தார். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வந்தவர் குனிந்து, தாளாளரின் தோளில் இருந்த பல்லியின் பாதத்தை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஈரம்! புலவரே, கால் ஈரமா இருக்குது! ஈரத்தாலதான் விழுந்துது. விசை தோக்கல!" என்று ஆனந்தமாகக் கூவினார்.

அயோடின் அங்கவஸ்திரம் வழியாக இறங்கி, கொஞ்சம்கூட அவசரப்படாமல் சுவரை நோக்கிப் போனது. தாளாளரின் உதடுகள் மட்டும் அசைந்தன. பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

"புலவரே... தலையா, தோளா?"

"தோள்தான் ஐயா."

"நல்லாப் பாத்துச் சொல்லு. தலையில பட்டுட்டு வழுக்கலையே?"

"நேராகத் தோளில்தான் ஐயா விழுந்தது. என் கண்ணால் பார்த்தேன்."

"தோள்னா..."

அவர் முடிக்குமுன் என் வாய் முந்திக்கொண்டது. "ஜெயம்!" என்று நான் கத்தியதில் முன் பெஞ்சுப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். பல்லியைப் பற்றி நான் வாழ்க்கையில் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கூரையின் ஈரத்தைப் பார்த்தார், அதற்கு நேர் கீழே தான் முன்பு இருந்த இடத்தைப் பார்த்தார், பிறகு தன் வழுக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "தற்காலிக இருமுனையால தலை தப்பினவன் லோகத்துல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்" என்றார். பிறகு தாளாளரைக் காட்டி, "நான் சாய்ஞ்சதும் இவரும் சாய்ஞ்சார் பாருங்கோ, அது தூண்டப்பட்ட இருமுனை. பாடம் ரொம்ப சரி" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் தாளாளர் மூச்சு விட்டார்.

அனுமதி வந்தது. ஜெயம் ஜெயம்தான் என்று தாளாளருக்கு ஒரே பூரிப்பு. பல்லி சாரைக் கூப்பிட்டு நிரந்தர உத்தரவைக் கையில் கொடுத்தார். கூடவே பியூனையும் கூப்பிட்டு, "அந்த லைட்டுக்குப் பின்னால யாராவது கம்பை நீட்டுனீங்க, தெரியும் சேதி" என்றார். கூரைக்குக்கூட ஆள் வைத்து ஒழுகல் அடைத்தார், அயோடின் வழுக்கிவிடக் கூடாதாம். அப்படியாக சாரும் பல்லியும் ஒரே நாளில் பர்மனென்ட் ஆனார்கள்.

திருப்புட்குழியில் கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் மணப்பெண் என்னிடம் வந்து, "நீங்கதானே சாய்மைக்குப் பேரு வெச்சவரு?" என்று கேட்டார். அந்தச் சொல்லுக்காக யாரும் அதற்கு முன் என்னைத் தேடி வந்து விசாரித்ததில்லை.

கல்யாணம் முடிந்து தனிக்குடித்தனம் போகும் அன்று காலை, பல்லி சார் டிரங்குப் பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு, ஓட்டை போட்ட செருப்பு டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு கட்டில்மேல் ஏறி நின்றார்.

"என்ன செய்கிறீர்கள்?"

"குளோரினையும் புரோமினையும் பிடிச்சுக்கினு போயிடறேன் புலவரே. உங்களுக்குத்தான் ஆவாதே. பாவம், என்னால எவ்ளோ கஷ்டப்பட்டுட்டீங்க."

எத்தனை காலம் நான் கேட்ட வரம் அது. பல்லி இல்லாத அறை. மேலே பார்த்தேன். குளோரின் மூலைக்கு ஓடியது. புரோமின் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இருக்கட்டும், விடுங்கள். அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் செருப்பு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஜட்கா வண்டி வந்துவிட்டது.

பல்லி சத்தம் கொடுத்தால் ஊரில் எல்லோரும் விரலால் தரையைத் தட்டிச் சாமி பெயரைச் சொல்வார்கள். பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வீடு மாறிவிட்டேன். எந்தச் சுவரில் எந்தப் பல்லி சத்தம் கொடுத்தாலும், எனக்கு வாயில் வருவது, "சொல்லுங்க சார்" என்பதுதான்.